நாலு மணிப் பசியாறல்

பாப்பாவின் பள்ளிப் பையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் விரலை விட்டு அந்த வாசனை போகவில்லை. பாக்கெட்டில் வருகிற சோளப் பொரியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தூள் தூவியிருக்குமே, உப்பா, புளிப்பா, இனிப்பா என்று யாராலும் சொல்ல முடியாத தூள், அதன் வாசனை. பையின் அடியில், சரித்திரப் புத்தகத்தின் ஓரங்களில், பென்சில் பெட்டிக்குள், எங்கே கை வைத்தாலும் அது. பை உன் மகளுடையது. ஆனால் முகர்ந்ததும் நினைவுக்கு வந்தவள் நீ.

பள்ளி விட்டு நம் ஊர் ஆயர் ஈத்தாம் வரும் பஸ்ஸின் பின் இருக்கையில், இருவரும் ஒரே பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு வருவோம். காலியானதும் நீ விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, நீலப் பினாஃபோர் சீருடையில் துடைத்துக்கொண்டு, "இதுல என்னாத்தப் போடுறானுங்கன்னே தெரியல. ஆனா நிறுத்த முடியல லா" என்பாய். வகுப்புத் தோழியாக வந்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தவள் நீ. ஒரு நாளும் உன்னை அண்ணி என்று நான் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் நீயே முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

உன் முதல் திவசம் போன மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். துணியை மடிக்கிறேன், பிரித்து மறுபடி மடிக்கிறேன். டீ போட்டேன், குடிக்க மறந்துவிட்டேன். உன் பெயரில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதுதான் விஷயம்.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அவள் திடீரென்று நெட்டையாக வளர ஆரம்பித்தாள். "புதுசா வாங்குன பாவாடை அடுத்த மாசம் குட்டையாயிடுது. இவ வளர்றாளா, இல்ல என்னைய பயமுறுத்துறாளா?" என்று நீ புலம்பினாய். பள்ளி முடிந்து நெட்பால் பயிற்சியும் முடிந்து அவள் வீட்டுக்கு வர நாலு மணி ஆகும். அந்த நேரத்துப் பசி வேறு ரகம். மதியம் சாப்பிட்டது எங்கே போனது என்றே தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கும். கைக்கு எது அகப்படுகிறதோ அது வாய்க்குள் போகும். உன் வீடும் என் வீடும் இருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கடையில் கைக்கு அகப்படுவதெல்லாம் பாக்கெட்தான், கலர் தண்ணீர்தான்.

நீ காலை இருட்டோடு எழுந்து, மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் வருவதற்குள் கொண்டைக்கடலை அவிப்பாய். ஒரு நாள் சோளம், ஒரு நாள் சர்க்கரைவள்ளி. கொய்யாவை நறுக்கி டப்பாவில் போடுவாய். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜைத் திறந்ததும் கண்ணில் படுகிற தட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாய். அதை நீ நாலு மணிப் பசியாறல் என்பாய். காலைச் சாப்பாட்டைத்தானே நாம் பசியாறல் என்போம், சாயங்காலத்துக்கு எதற்கு அந்தப் பெயர் என்று நான் கிண்டல் செய்தால், "வளர்ற புள்ளைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ விடியும்டி" என்பாய்.

பாக்கெட்டும் வாங்குவாய். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் டவுனில் பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் வாயைப் பார்க்கிறவள். அந்தத் தூள் கடைவாய்ப் பல்லின் குழியில் போய் எப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று எனக்குத் தெரியும். "வூட்டுக்குள்ளயே விடக் கூடாதுடி இதையெல்லாம்" என்று நான் கத்துவேன். நீ அதை அலமாரியின் உச்சியில் வைப்பாய். நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும்.

"நாற்காலி இழுக்குற அளவுக்கு ஆச இருந்தா எடுத்துத் திங்கட்டும். பாதி நாள் சோம்பேறித்தனமே ஜெயிச்சிரும்."

"நீ புள்ளைய வளர்க்குறியா, எலி பிடிக்கிறியா?"

"உன் கிளினிக்குக்கு சொத்தப் பல்லோட வர்ற புள்ளைங்க யாரு தெரியுமா? வூட்டுல எல்லாத்தையும் தடை பண்ணவங்க புள்ளைங்கதான் லா."

பாப்பாவுக்கு வைத்திருந்த கொய்யாவை நான் கோபத்தில் தின்று தீர்த்திருக்கிறேன். பசியோடு வருகிறவளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது உன் இன்னொரு சட்டம். "முதல்ல தட்டு. அப்புறந்தான் பேச்சு" என்பாய். பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வந்த நாளில்கூட அவள் கடலையை மென்று முடிக்கும்வரை நீ வாயைத் திறந்ததில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உனக்கே தெரியும்.

அப்புறம் உனக்கு மார்பில் கட்டி வந்தது. நீ ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தாய். ஃபிரிட்ஜில் அந்தத் தட்டு காலியானது. அண்ணனுக்கு ஷிப்ட் வேலை, எனக்குக் கிளினிக். நாலு மணிக்கு உன் வீட்டில் ஆளே இல்லாமல் போனது. அம்மாவுக்குக் குணமானால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று பாப்பா தானாகவே நேர்ந்துகொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சைவமும் ஒருவேளைச் சாப்பாடுமாக விரதத்தைத் தொடங்கினாள். தைப்பூசம் வருவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதே நீ போய்விட்டாய். வீட்டில் தீட்டு. அந்த வருஷம் பால்குடம் எடுக்க முடியாது. அம்மாவே இல்லாதபோது எதற்கு என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்பதாக இல்லை. திவசம் முடிந்த மறுநாளே பாயைத் தரையில் விரித்துக்கொண்டு மறுபடி விரதத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரே மெச்சியது. தாசேக் கெலுகோரிலிருந்து பாப்பாவின் பெரியம்மா போன் செய்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா! தவறிப்போன அம்மாவுக்காக ஒருவேளைச் சோறு! நீங்க குடுத்து வச்சவங்க" என்று அழுதார். அண்ணனும் அழுதான். பாப்பா இரவில் தனிச் சட்டியில் தனக்கென்று சோறும் பருப்பும் ஆக்கிச் சாப்பிடுவாள், அவ்வளவுதான். கன்னம் ஒட்டியது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. விரதக் களை என்றார்கள். எனக்கு அது பட்டினியாகத்தான் பட்டது. ஆனால் சாமி காரியத்தில் குறுக்கே நிற்கிறாள் என்ற பேச்சுக்கு யார் போய்த் தலையைக் கொடுப்பது?

போன வாரத்துக்கு முந்தைய வாரம் கிளினிக்குக்குப் போன் வந்தது. நெட்பால் திடலில் பாப்பா மயங்கி விழுந்துவிட்டாள். நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. வளர்ற வயசு. என்னாதான் சாப்பிடுது இந்தப் புள்ள?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. உள்ளே காலி பாக்கெட்டுகள், மடித்து மடித்துச் செருகி வைத்திருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பையைத் தலைகீழாகக் கொட்டினேன்.

"விரதம் இருக்குற லட்சணமாடி இது? ஊரெல்லாம் உன்னைய மெச்சிக்கிட்டுக் கெடக்குது!"

"அதுல இறைச்சி இல்ல அத்தே. முட்டை இல்ல. பின்னாடி போட்டிருக்கு, பாருங்க."

"அதனால?"

"அது சாப்பாட்டுக் கணக்குல வராது."

விடலைப் பிள்ளையின் குறுக்குப் புத்தி என்றுதான் நினைத்தேன். மறுநாள் லீவு போட்டேன். உன்னைப் போலவே கடலை அவித்து, கொய்யா நறுக்கி, நாலு மணிக்குத் தட்டை நீட்டினேன். கடலையும் பழமும் விரதத்துக்கு ஆகும், சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

"சட்டி புதுசா, அத்தே?"

"பழசுதான். நல்லா வெளக்கிருக்கேன்."

"கத்தி?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு லேசாகப் புரிந்தது. இது தின்பண்ட ஆசை இல்லை. பள்ளிக் கேன்டீனில் சைவ மீ நூடுல்ஸ் உண்டு. ஆனால் அதே வாணலியில்தான் கோழியும் பொரிக்கிறார்கள். கடையில் வாழைக்காய்ப் பஜ்ஜி உண்டு. எண்ணெயில் வேறு என்ன போட்டார்களோ? என் வீட்டுக் கரண்டி மீன் குழம்பில் கிடந்தது. யார் கை பட்டதாக இருந்தாலும் அவளுக்குச் சந்தேகம். மெஷின் ஒட்டி மூடிய பாக்கெட் மட்டும்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்கிறது. எழுத்தில் இருப்பதை அவள் நம்பினாள். நீ உச்சி அலமாரிக்கு நாடு கடத்திய அந்த ஆரஞ்சுத் தூள், உன் மகளுக்கு உலகத்திலேயே சுத்தமான உணவாகிவிட்டது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. வாழைப்பழத்தை மட்டும் அவள் மறுக்கவில்லை. அது தன் தோலைத் தானே போட்டுக்கொண்டு வருகிறதே! ஆனால் வாழைப்பழத்தை மட்டும் தின்று ஒரு பெண் எவ்வளவு வளர்ந்துவிட முடியும்?

அடுத்த நாள் அவளையும் இழுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனேன். புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுக் கத்தி, எல்லாம் அவள் கண் முன்னாலேயே வாங்கினேன். அவள் பக்கத்தில் நிற்க, அடுப்பை மூன்று முறை துடைத்துவிட்டுக் கடலையை வேக வைத்தேன். கீரையும் பாசிப்பயறும் சேர்த்து ஒரு கூட்டும் வைத்தேன். குறை சொல்ல இனி ஒன்றும் இல்லை. தட்டை வைத்தேன். உட்கார்ந்தாள். கை தட்டுக்குப் போனது, நின்றது, திரும்பி மடியில் விழுந்தது.

கேட்டுவிட வாய் துடித்தது. ஆனால் அவள் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, உன் சட்டப்படி நான் பேசக் கூடாது. பேசாமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதுதான் பெரிய விரதம். கடலை ஆறிப்போனது. வெகு நேரம் கழித்து அவள்தான் பேசினாள்.

"போன தடவ நான் ஏமாத்திட்டேன், அத்தே."

"எத ஏமாத்துன?"

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப. பசி தாங்கல. நாலு மணி. வூட்டுல யாருமில்ல. நாற்காலி போட்டு மேல ஏறி, அம்மா வாங்கி வச்சிருந்த கடைசி பாக்கெட்ட எடுத்து முழுசா தின்னுட்டேன். அப்புறமாத்தான் பின்னாடி படிச்சேன். அது வேற ரகம், அதுல எறால் தூள் போட்டிருந்திச்சு. அன்னைக்கு வெள்ளிக்கிழம வேற. அப்புறம் அம்மா..."

சொல்லாமலே எனக்குப் புரிந்தது. விரதத்தை இறாலால் முறித்தேன், அதனால் அம்மா செத்துப்போனாள். பதின்மூன்று வயதில் போட்ட கணக்கு. ஒரு வருஷம் முழுக்க அதை யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அந்த வயிற்றைப் பட்டினி போட்டிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். கட்டிக்கும் இறால் தூளுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் மாதிரிச் சொல்லியிருக்கலாம். முருகன் அப்படிப்பட்ட சாமி இல்லை என்று பூசாரி மாதிரிச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபோது அது எதுவும் உள்ளே போகாது என்று தெரிந்தது. என் வாயில் வந்தது வேறு.

"அது உங்கம்மாவுக்குத் தெரியும்டி."

அவள் நிமிர்ந்தாள்.

"குப்பையில காலி பாக்கெட்டப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கம்மாகிட்ட நான்தான் கோள் சொன்னேன். உங்கம்மா சிரிச்சா."

"சிரிச்சாங்களா?"

"ஆமா."

"என்னா சொன்னாங்க?"

இந்த வயசுப் பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை. அரைகுறையாக எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். முழுசாக வேண்டும். என்ன சொன்னாய் என்று நான் இப்போது உன் வாயால் சொல்ல வேண்டும். மூச்சு விடக்கூட நேரமில்லை.

"'அப்பாடா, சாப்பிட்டாளா'ன்னு சொன்னா. 'எம் மவ பசியோட இருந்தா எந்தச் சாமிக்கு லா நல்லாருக்கும்'னு கேட்டா."

பாப்பா அழுதாள். திவசத்தன்றுகூட அப்படி அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். கூட்டு கேட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டேன்.

உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் உன்னிடம் எதையும் சொல்லவில்லை. அந்த நாட்களில் மருந்தின் மயக்கத்தில் நீ என்னை யார் என்றே அறியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ சிரிக்கவில்லை. எந்தப் பாக்கெட்டையும் நான் குப்பையில் பார்க்கவில்லை.

இப்போது தினமும் நாலு மணிக்கு அவள் என் வீட்டுக்கு வருகிறாள். கிளினிக் டாக்டரிடம் கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். புதுச் சட்டியில் அவளே ஏதாவது வேக வைக்கவும் பழகிவிட்டாள். விரதத்தை விடவில்லை. ஆனால் பசியாறுகிறாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிகிறது. நேற்று, தைப்பூசம் முடிந்ததும் அந்த ஆரஞ்சுப் பாக்கெட் ஒன்று வாங்கித் தர முடியுமா, சும்மா ஆசைக்குத் தின்ன, என்று கேட்டாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. சும்மா ஆசைக்கு! நானே வாங்கித் தருகிறேன் என்றேன். நான்!

இத்தோடு முடிந்திருந்தால் நான் இப்படி அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடக்க மாட்டேன். அவள் அந்த வாக்கியத்தை எல்லாரிடமும் சொல்கிறாள். நெட்பால் கூட்டாளிகளிடம் சொல்கிறாள். பெரியம்மாவிடம் போனில் சொன்னாள்: "எங்கம்மாவே சொல்லிட்டாங்க பெரியம்மா, நான் பசியோட இருந்தா எந்தச் சாமிக்கு நல்லாருக்கும்னு." அப்பாவிடமும் சொன்னாள்.

அண்ணன் முந்தாநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். வேலைக்குப் போகும் சட்டையோடு வந்திருந்தான்.

"அவ அப்படியா சொன்னா? நான் பக்கத்துலயேதான இருந்தேன்."

"நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க அண்ணே."

அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான். நம்பியதுதான் பெரிய வேதனை. உன் கட்டிலை விட்டு நகராமல் கிடந்தவன் அவன். அவனிடம் சொல்லாததை என்னிடம் சொல்லியிருக்கிறாய் என்று அந்த முகத்தில் ஒரு பொறாமை தெரிந்தது. பிறகு, செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னைப் பத்தி எதுவும் சொன்னாளா?"

மகளுக்கு உடனே வந்த பொய், அவனுக்கு வரவில்லை. ஒன்றும் சொல்லவில்லை அண்ணே என்றேன். அவன் போய்விட்டான். படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கும் ஒன்றைச் சொல்லியிருக்கலாமோ? இல்லை, இருவரையும் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிடலாமோ? சொன்னால் அவன் மனம் ஆறும். ஆனால் நாளை நாலு மணிக்கு அவள் தட்டைத் தள்ளி வைப்பாள். ஒருவருடைய ஆறுதலைப் பிடுங்கித்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும் என்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் வந்து நிற்கிறேன், எங்கே நகர்வது என்று தெரியாமல்.

நீ இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். ஏறக்குறைய அதே வார்த்தைகளில்கூடச் சொல்லியிருப்பாய். ஆனால் சொல்லவில்லையே. கடைசி நாட்களில் நீ எதுவுமே சொல்லவில்லை. அது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதிலும் இப்போது ஒரு கஷ்டம். பாப்பா சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் எனக்கே உன் குரலில் கேட்க ஆரம்பித்துவிட்டது. உன் இழுவையோடு, அந்த லா-வோடு. ஒரு நாள் நானே அதை நம்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நம்பிவிட்டால் உன் கடைசி மௌனத்தை நினைத்துப் பார்க்க ஓர் ஆள்கூட மிஞ்ச மாட்டார்கள்.

தைப்பூசத்தன்று விடியற்காலையில் மலையேறுகிறோம். அண்ணனும் வருகிறான். உன் மகள் தலையில் பால்குடம் இருக்கும். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டுதான் வருவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் இருவருக்கும் நடுவில், நீ சொல்லாத அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு நான் ஏறுவேன். அவள் குடத்தை மேலே போனதும் இறக்கிவிடுவாள். நான் என்னுடையதோடு திரும்பி இறங்கி வருவேன்.